ஒரே ஒரு ‘க்’ பாக்கி

பேச்சாளர்களின் நாவை அடக்க மேசைமேல் ஒரு மணியையும், அந்த மணியை அடிக்கத் தயங்காத ஒரு கையையும் வைத்துக்கொண்டு இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய தியோடர் ஐயா அவர்களே! இன்னும் எத்தனை பேர் பேசவிருக்கிறார்கள் என்று அழைப்பிதழை மூன்றாம் முறையாகப் புரட்டிப் பார்க்கும் விவேக் நகர்ப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருந்தாலும் முகத்தில் அதைக் காட்டாத தாய்மார்களே! ஓசூர் சாலையில் மேம்பாலத் தூண்கள் வளரும் அழகைப் பேருந்தில் நின்றபடியே அன்றாடம் ரசிக்கும் பொம்மசந்திராத் தோழர்களே! கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக இடம்பிடித்திருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டித் தம்பிகளே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நான் செய்தித்தாள்காரன். புதுச் செய்தியை முதலில் சொல்லிவிட்டுத்தான் பழைய கதைக்குப் போவேன். இந்த 2009ஆம் ஆண்டின் ஆகப் பெரிய செய்தி எதுவென்று உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். என்னிடம் இருப்பது இது. நேற்றுக் காலை, பொம்மசந்திராவில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் ஓர் ஆலையின் வாயில் திரையில், லீனா என்ற பெண்ணின் பெயர் ‘லீனா’ என்று தெரிந்தது. தகவல் தந்தவர் அந்த ஆலையின் பணியாளர் பிரிவு மேலாளர் நாகேஷ். மேலாளர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்று நேரில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். லீனா என்றே இருந்தது.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஒரு பெண்ணின் பெயர் அவள் பெயராகவே தெரிந்ததற்குக் கைதட்டும் அளவுக்கு நம் நகரம் முன்னேறியிருக்கிறது. இதைத்தான் இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறார்கள். பள்ளத்தாக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பிறர் பெயருக்குச் செய்த மரியாதையை நானும் அவர்கள் பெயருக்குச் செய்கிறேன்.

லீனாவை உங்களில் பலருக்குத் தெரியும். நம் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் பின்னால் மெழுகுவத்திக் கடை வைத்திருந்த காலஞ்சென்ற லாயிட் அவர்களின் மகள். தாயார் நோரா அம்மையார் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். லீனா அந்த ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக ஒயரிங் பிரிவில் வேலை செய்கிறார். அவரிடம் வேலை கற்றவர்கள் இப்போது பிறருக்கு வேலை கற்றுக் கொடுக்கிறார்கள்.

கதைக்கு வருகிறேன். ஆலை நிர்வாகத்துக்கு இந்த ஆண்டு திடீரென்று தாய்மொழிப் பற்று பொங்கிற்று. கர்நாடகம் பிறந்த நவம்பர் முதல் நாளான ராஜ்யோத்சவத்திலிருந்து ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் அவரவர் தாய்மொழியில்! அட்டையில் தாய்மொழி, கடிதத்தில் தாய்மொழி, வாயில் திரையில் தாய்மொழி. கன்னடக்காரருக்குக் கன்னடம், தமிழருக்குத் தமிழ், தெலுங்கருக்குத் தெலுங்கு. விழா நடந்தது. மைசூர்பாகு கொடுத்தார்கள். மைசூர்பாகு நன்றாக இருந்தது. அதில் எந்தப் பிழையும் இல்லை என்பதை நேர்மையோடு பதிவு செய்கிறேன்.

மறுநாள் காலை வாயிலில் என்ன தெரிந்தது? கேள்விக்குறிகள். வெங்கடசாமி வந்தால் கேள்விக்குறிகள். யசோதா வந்தால் கேள்விக்குறிகள். கன்னடருக்கும் கேள்விக்குறி, தமிழருக்கும் கேள்விக்குறி. காவிரியில் எத்தனை ஆணையம் போட்டும் வராத ஒற்றுமை, ஒரே இரவில், ஒரு கணினியால் வந்தது. இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்து. அதுவும் கேட்டுக்கொண்டே இருக்கும் எழுத்து.

யாரேனும் புகார் செய்தார்களா? இல்லை. கதவு திறந்தது, உள்ளே போனார்கள். நம் பெயர் என்னவாகத் தெரிந்தால் என்ன, கதவு திறந்தால் போதும் என்பது நமக்குப் பழகிப்போன தத்துவம்தானே?

பத்து நாள் இப்படியே போயிற்று. அப்போது, லீனாவின் பிரிவிலேயே வேலை செய்த வீணா என்ற கன்னடப் பெண் திருமணமாகி மைசூருக்குப் போனார். முறைப்படி விலகல் கடிதம் கொடுத்தார். கேக் வெட்டினார்கள். லீனாதான் வெட்டிய கேக்கைப் பங்கு போட்டுக் கொடுத்தவர். மறுநாள் காலை லீனா கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி வாயிலில் அட்டையைக் காட்டுகிறார். கதவு திறக்கவில்லை.

அங்கே காவலுக்கு இருந்தவர் வெங்கடசாமி. கோலார் பக்கத்துக்காரர், ‘கொஞ்சம்’ என்பதைக் கன்னடத்தில் ‘ஸ்வல்ப’ என்பார். அன்று நடந்த பேச்சை அவரிடமும் கேட்டேன், லீனாவிடமும் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

“ஸ்வல்ப இரும்மா. மிஷின் உன்ன எடுக்க மாட்டேங்குது.”

“நல்லா தொடச்சுட்டுக் காட்டுறேன் அண்ணா.”

“அட்டைல ஒண்ணுமில்லம்மா. நீ வேலைய விட்டுட்டேன்னு காட்டுது.”

“நானா? நேத்துதானே கேக் குடுத்தேன் உங்களுக்கு.”

“அது வீணாம்மா போனதுக்குன்னு சொன்னே.”

“ஆமா. வீணா போனதுக்குத்தான்.”

“அப்ப நீ எங்க போனே?”

“நான் இங்கதான் அண்ணா நிக்கிறேன்.”

“நீ நிக்கிறேம்மா. நான் இல்லேங்கல. ஆனா மிஷின்ல நிக்கலையே.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். லீனா மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அன்று அவர் வீடு திரும்புவதற்குள் கூரியரில் ஒரு கடிதம் வந்து காத்திருந்தது. கணினி தானாக எழுதி, தானாக அச்சடித்து, தானாகக் கையெழுத்தும் போட்டு அனுப்பிய கடிதம். செந்தமிழில்! “அன்புள்ள” என்று போட்டு, பக்கத்தில் நான்கு கேள்விக்குறிகள். அடுத்த வரியில், “தாங்கள் தாமாகவே பணியிலிருந்து விலகியதை ஏற்றுக்கொள்கிறோம், தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக வாழ்த்துகிறோம்.”

தலைவர் அவர்களே, மேடையேறும் எங்களுக்கு ஒரு பழைய தொடர் உண்டு. ‘அவள் எதிர்காலம் கேள்விக்குறி ஆயிற்று’ என்போம். அதை உருவகம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். நான்கை அச்சில் பார்த்த பிறகுதான் அது வெறும் தகவல் என்று தெரிந்தது.

என்னதான் நடந்தது? எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்த மென்பொருளை எழுதிய நிறுவனத்துக்குப் போனேன். உமேஷ் என்ற தம்பி பேசினார். கண்ணியமானவர். காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் புரிந்துகொண்டதைத் தாய்மார்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். கடைசி வரிசைத் தம்பிகள் பொறுத்தருள வேண்டும்.

கணினி நிரலில் ஒரு பெயரை வைக்க இரண்டு வகை இடம் உண்டாம். ஒன்று அகலமானது. யூனிகோடு என்பார்கள். பெரிய கம்பெனி பேருந்து மாதிரி. தமிழ் ஏறலாம், கன்னடம் ஏறலாம், சீனம் கூட ஏறலாம். இன்னொன்று குறுகலானது, பழையது, ஆட்டோ மாதிரி. ஆங்கில எழுத்துகளுக்கும் அவற்றின் ஐரோப்பிய உறவினர் சிலருக்கும் மட்டும் இடம். அலுவலகத்தில் இருக்கும் புது நிரல் அகலமானது. வாயிலில் கதவைத் திறக்கும் பழைய நிரல் குறுகலானது. பெயர் பேருந்திலிருந்து இறங்கி ஆட்டோவில் ஏற வேண்டும். ஏற்றிவிடுவது யார்? நிரல் மொழியே! யாரும் கேட்காமலே, யாருக்கும் சொல்லாமலே, தானாக மாற்றிவிடும். இதற்கு ‘தானியங்கி மாற்றம்’ என்று பெயர், வசதியாம்.

நம் ஊர் ஆட்டோக்காரரை நாம் எவ்வளவு திட்டியிருக்கிறோம்? இன்று மன்னிப்புக் கேட்க வேண்டும். மடிவாளா போக வேண்டும் என்றால் முகத்துக்கு நேரே ‘பரல்லா’ என்பார், போய்க்கொண்டே இருப்பார். வராதவர் வரமாட்டேன் என்கிறார், எவ்வளவு நேர்மை! இந்த ஆட்டோ அப்படியில்லை. வாங்கம்மா என்று லீனாவை ஏற்றிக்கொண்டது. வழியில் எங்கோ இறக்கிவிட்டது. அவர் இருந்த இருக்கையில் நான்கு கேள்விக்குறிகளை உட்கார வைத்தது. வாயிலில் கொண்டுபோய் நிறுத்தி, ‘பயணம் இனிதே முடிந்தது’ என்றது.

ஏன் நான்கு? கேளுங்கள், இங்கேதான் வேடிக்கை. லீனா என்பதில் எத்தனை எழுத்து? சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு! ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும், லீ, னா. கணினிக்கு நான்கு. ‘ல’ ஒன்று, அதன் தலைச்சுழி ஒன்று, ‘ன’ ஒன்று, துணைக்கால் ஒன்று. தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. வீணா என்று கன்னடத்தில் எழுதினாலும் அதே கணக்கு, நான்கு. யசோதாவுக்கு ஐந்து வரும். ரமாவுக்கு மூன்றுதான். பழைய வாயில் நிரலுக்கு ஆளைத் தெரியாது, பிரிவும் பெயரும் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் எழுதிய காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. இப்போதோ, ஒயரிங் பிரிவில் நான்கு கேள்விக்குறி விலகினார் என்று செய்தி வந்தது. ஒயரிங் பிரிவில் நான்கு கேள்விக்குறி யார் யார்? இவரும் அவரே, அவரும் இவரே! அத்வைதம் கண்ட நிரல், இருவர் பெயரையும் சேர்த்து மூடிற்று. வீணா போனார், லீனா வீணாய்ப் போனார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், “சார், கம்ப்யூட்டர் எச்சரிக்கவே இல்லையா?” நல்ல கேள்வி. இதையே நானும் உமேஷிடம் கேட்டேன்.

“எரர் வரலயா தம்பி?”

“எரர் இல்ல சார். வார்னிங்தான்.”

“என்னன்னு வந்துச்சு?”

“தானா கன்வர்ட் ஆகுது, டேட்டா போயிடலாம்னு.”

“அவ்ளோ தெளிவாவா?”

“அவ்ளோ தெளிவாதான் சார்.”

“எத்தன தடவ வந்துச்சு?”

“நெறைய. ஸ்கிரீன் ஃபுல்லா வந்துச்சு.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“ஆஃப் பண்ணிட்டோம் சார். ராஜ்யோத்சவத்துக்குள்ள குடுக்கணுமே.”

அன்பர்களே, வீட்டில் புகை வந்தால் மணி அடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது ஓயாமல் அடித்தால் அறிவாளி என்ன செய்வான்? கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். தாய்மொழி விழாவுக்குத் தாமதமாகிவிடும் என்பதற்காகத் தாய்மொழியைக் காப்பாற்றச் சொன்ன எச்சரிக்கையை அணைத்தார்கள். விழா குறித்த நாளில் நடந்தது.

அடுத்து மேலாளர் நாகேஷைப் பார்த்தேன். குளிரூட்டிய அறை, சுவரில் ‘நம் மொழி, நம் பெருமை’ என்ற பதாகை.

“சார், நாங்க யாரையும் விலக்கல. எழுதிக்குங்க.”

“எழுதிக்கறேன். அப்ப யார் விலக்குனா?”

“யாரும் விலக்கல சார். அவங்க விலகினதா சிஸ்டம் எடுத்துக்கிச்சு.”

“சிஸ்டத்துக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பேரு தானா மாறிடுச்சு, ரெக்கார்டு தானா மூடிக்கிச்சு, லெட்டர் தானா போயிடுச்சு.”

“எல்லாமே தானாவா?”

“எல்லாமே தானா. அதான் சார் ஆட்டோமேஷன்.”

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. மெய்சிலிர்த்தது. தமிழ் இலக்கணத்தை இவ்வளவு ஆழமாகப் பயன்படுத்தும் மேலாளரை நான் பார்த்ததில்லை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, நினைவிருக்கிறதா? உடைந்தது, உடைத்தேன். கவிழ்ந்தது, கவிழ்த்தேன். மாறியது, மாற்றினேன். நம் வீட்டில் தட்டு எப்போதாவது உடைக்கப்பட்டதுண்டா? எப்போதும் அது உடைந்துதான் போயிருக்கிறது. சாலையில் பள்ளத்தை யாராவது தோண்டினார்களா? அது விழுந்தது. ஏரியை யாராவது மூடினார்களா? அது மூடிப்போயிற்று, அதன்மேல் அடுக்குமாடி எழும்பிற்று! செய்தவன் பெயரைச் சொல்லாமலே வினையை முடிக்க நம் மொழி கொடுத்த வசதியைக் கணினிக்காரர்கள் இப்போது கண்டுபிடித்து, தானியங்கி மாற்றம் என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தலைவர் மணியைத் தொடுகிறார். இன்னும் அடிக்கவில்லை. தொட்டால் எச்சரிக்கை, அடித்தால்தான் பிழை. நான் தொடர்கிறேன்.

சரி, தவறு தெரிந்துவிட்டதே, திருத்தினார்களா? திருத்தினார்கள். லீனாவைக் கூப்பிட்டு, “வாங்க மேடம், திங்கக்கிழமையே சேந்துக்கலாம்” என்றார் நாகேஷ். லீனா மகிழ்ந்தார். அடுத்து வந்தது: “புது ஜாயினிங் மேடம். ட்ரெய்னியா.”

ட்ரெய்னி! ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் பயிற்சியாளராம். ஏன்? விலகியவர் திரும்பி வந்தால் புதிதாகத்தான் சேர முடியும், விதி அப்படி. பயிற்சி தரப்போகிறவர் யார்? ரூபினி. யார் இந்த ரூபினி? மூன்று ஆண்டுக்கு முன், எந்த ஒயர் எந்தத் துளையில் போகும் என்று லீனாவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பெண். ரூபினியே ஓடிப்போய், “எனக்கு வெக்கமா இருக்கு சார், அக்காவுக்கு நான் என்னத்த சொல்லித் தர்றது?” என்று அழுதிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில், “சிஸ்டம் அப்படித்தாம்மா காட்டுது.”

இங்கே கேள்வி இதுதான். வேலை கிடைக்குமா என்பதல்ல; நேற்றே கதவு திறந்துவிட்டது. அந்தக் கதவுக்குள் லீனா ஒன்பது ஆண்டோடு போகிறாரா, வெறுங்கையோடு போகிறாரா என்பதுதான்.

நம் ஊரில் இந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. சொல்லவும் செய்தார்கள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. வேலை இருக்கில்ல, போதும்.” நோரா அம்மையாரே சொன்னார். அம்மா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். தாயின் பயம் அது, குற்றமல்ல.

லீனா என்ன செய்தார்? அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாகேஷின் அறைக்குப் போனார். நான் கூட இருந்தேன். குரலை உயர்த்தவில்லை. மேசைமேல் கடிதத்தை விரித்து, ‘விலகியதை’ என்ற சொல்லில் விரலை வைத்தார்.

“சார், இதுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு.”

“எங்க மேடம்?”

“விலகியதைன்னு இருக்கு. நான் விலகல. நீங்க விலக்குனீங்க. நடுவுல ஒரு ‘க்’ வரணும்.”

“அது வந்து மேடம், சிஸ்டம் தானா...”

“சிஸ்டம் தானா ஆயிரம் எழுத்த மாத்துச்சில்ல சார். நீங்க ஒண்ணே ஒண்ண கையால போட்டுக் குடுங்க.”

நாகேஷ் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு முறை படித்தார்.

பார்த்தீர்களா அன்பர்களே! ‘விலகியதை’ என்றால் அவர் போனார். போனவர் புதிதாக வர வேண்டும். ‘விலக்கியதை’ என்றால் இவர்கள் போக்கினார்கள். போக்கியவர்கள் இருந்த இடத்திலேயே, இருந்த ஆண்டுகளோடு, கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு மெய்யெழுத்து. பதாகையில் மொழி வேண்டும், பாகில் மொழி வேண்டும், பேரணியில் மொழி வேண்டும். இந்த ஒரு மெய்யில் மட்டும் மொழி வேண்டாமா? உயிரெழுத்தைக் கூட விட்டுவிடலாம், மெய்யை விட்டால் எது மிஞ்சும்?

நாகேஷ் அந்த எழுத்தைப் போடவில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு புள்ளி வைத்த ககரத்துக்கு வழக்கறிஞர்! லீனா தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார். மைசூரிலிருந்து வீணா தொலைபேசியில் பேசினார், “ஏய் லீனா, நான் ஒருத்திதான் போனேன்னு எங்க வேணா வந்து சொல்றேன் கணே” என்று, நம் ‘டீ’ போடும் உரிமையைக் கன்னடத்தில் போட்டு. நேற்று திரையில் பெயரைச் சரிசெய்து காட்டிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். கவனியுங்கள்: சரிசெய்தோம் என்று சொல்லவில்லை. சரியாகிவிட்டதாம்.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் செய்தியாளன் இல்லை. உமேஷ் முந்தாநாள் என்னைக் கூப்பிட்டார்.

“சார், நீங்க அன்னிக்கு எழுதிக்கிட்டது ஒண்ணு தப்பு.”

“எது தம்பி?”

“பேரு தானா மாறிடுச்சுன்னு சொன்னேன்ல. தானா மாறல. மாறப் போகுதுன்னு அது சொல்லுச்சு. நான்தான் வாய மூடுன்னு மூடுனேன். அத அப்படியே எழுதிக் குடுக்கறேன் சார்.”

“கம்பெனில ஏதாச்சும் சொல்லப் போறாங்க.”

“சொல்லட்டும் சார். அந்த அக்கா பேரு எனக்கு முன்னாடியே நாலு கேள்வியா நின்னுச்சு. பதில் நான்தானே சொல்லணும்.”

எழுதிக் கொடுத்தார். நிறுவனம் தடுத்ததா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். அவர் இங்கே கடைசி வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்படுவார். பார்த்துவிட்டீர்கள். சரி, பார்த்ததற்குக் கைதட்டிவிடுங்கள். இந்தக் கதையில் வந்த அத்தனை ‘தானா’வுக்கும் நடுவில், தவற்றைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு ‘நான்’ என்று ஒரு சொல் வந்தது இங்கே மட்டும்தான். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை. சொல்லிப் பாருங்கள்: தான், நான். முதலெழுத்து ஒன்றுதான் வேறு. அந்த ஒன்றை மாற்றத்தான் எந்த மொழியிலும் தானியங்கி வசதி கிடையாது. ஆள்தான் மாற்ற வேண்டும்!

தலைவர் மணியை அடித்துவிட்டார். இனி பாக்கியை மட்டும் சொல்கிறேன். லீனா இன்று வரை உள்ளே போகவில்லை. அந்த எழுத்து வந்த பிறகுதான் போவேன் என்கிறார். உமேஷின் வாக்குமூலம் தொழிலாளர் அதிகாரியிடம் சேர்ந்துவிட்டது. பெற்றுக்கொண்டதை அதிகாரியின் அலுவலகம் உறுதி செய்தது. திருத்திய கடிதத்தோடு வருவதாக ஆலை நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. அதில் எந்த எழுத்து இருக்கும், எது இருக்காது என்பது இன்னும் தெரியாது. வரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. ஒரே ஒரு ‘க்’ பாக்கி.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கேட்டுச் சிரித்த உங்களுக்கும், சிரிக்காமல் அமர்ந்திருந்த லீனாவுக்கும் என் நன்றி. என் உரை முடிகிறது என்று சொல்லிவிட்டு நழுவ மாட்டேன். நானே முடிக்கிறேன்.

வணக்கம்.